இரண்டு நாள் தள்ளிய திதி

பாகூரில் சம்மந்தத்தைச் சொல்தா என்றுதான் ஊரே கூப்பிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வியட்நாம் போய், பிடிபட்டு, கைதி முகாமில் நான்கு மாதம் கிடந்து உயிரோடு திரும்பிய சிப்பாய், பிரெஞ்சுப் பேச்சில் சொல்தா. அவன் கப்பலை விட்டு இறங்கியபோது புதுச்சேரியில் கொடியே மாறியிருந்தது. மற்றவனாயிருந்தால் அத்தனை பேரைச் சுட்டேன், இத்தனை பேரை வெட்டினேன் என்று டீக்கடையில் அளந்து தள்ளியிருப்பான். இவன் வாயே திறக்க மாட்டான். என்ன அடக்கம் பார் என்று ஊர் மெச்சியது. அடக்கமாவது மண்ணாவது! வாயைத் திறந்தால் அவமானம், அவ்வளவுதான்.

கூடப் போன அரங்கநாதன் அதே தெருக்காரன். முகாமில் சீதபேதி கண்டு, ஆனிப் பௌர்ணமியன்று காலையில் சம்மந்தத்தின் பக்கத்திலேயே செத்துப்போனான். எழ முடியாதவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் சோற்று உருண்டையை வாங்கிவந்து கொடுப்பது அங்கே வழக்கம். சம்மந்தம் பிணத்தின் மேல் சாக்கை இழுத்துப் போர்த்தினான். காய்ச்சலில் தூங்குகிறான் என்று காவல்காரனிடம் சொல்லி, அவன் பங்கையும் வாங்கித் தின்றான். இரண்டு நாள் அப்படி. நாற்றம் எடுத்த பிறகுதான் சாவைச் சொன்னான். முகாமில் எழுதிக்கொண்டது அந்தத் தேதியைத்தான். ஊருக்குக் கடுதாசியில் வந்ததும் அதுதான்.

அரங்கநாதனின் அம்மா தையலம்மாள் அந்தத் தேதிக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறித்தாள். வருசா வருசம் அன்றைக்குப் படையல். காக்கைக்கு வைத்ததும் முதல் இலை சம்மந்தத்துக்கு. மகனோடு கடைசிவரை இருந்தவன் ஆயிற்றே. சரியான திதி அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்றே போவான், தலையைக் குனிந்து தின்றுவிட்டு வருவான். சொன்னால், இத்தனை நாள் ஏன்டா மறைத்தாய் என்று கேட்பாளே!

ஐம்பத்தெட்டாம் வருசம் காக்கை சோற்றைத் தொடவில்லை. கூரைமேல் இரண்டு உட்கார்ந்திருந்தன, கிட்டேயே வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தையலம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறியது. அவள் சம்மந்தத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“எம் புள்ளைக்கு இன்னாடா குறை வெச்சேன்? நீதான கூட இருந்த, சொல்லுடா.”

அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் வரவில்லை. சாக்கு, சோறு, இரண்டு நாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் அழவில்லை. எந்த நாள் என்று மட்டும் கேட்டாள்.

“பௌர்ணமி, பெரிம்மா.”

அப்படியானால் நாலு வருசமாய் என் பிள்ளை பசியோடு வந்து வெறும் வாசலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், எப்போதும்போல அவனுக்கு இலை போட்டாள். சோறு, குழம்பு, வடை என்று ஒன்றும் குறைக்காமல் வைத்தாள்.

“துன்னு. அவன் சோறு உனக்குப் பழகுனதுதான.”

மானம் உள்ளவன் எழுந்து ஓடியிருப்பான். சம்மந்தம் உட்கார்ந்து தின்றான். இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அவனுக்குப் பசித்தது, அதுதான் கொடுமை.

மறு வருசம் ஆனிப் பௌர்ணமிக்குத் தையலம்மாள் வீட்டில் படையல் போட்டார்கள். அவனைக் கூப்பிட ஆள் வரவில்லை.