ஐயாவிடம் எஞ்சியிருந்த மொழி

எங்கள் ஐயா எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இவ்வேளையில், அவரை அறிந்தவர்களும் அவர் அன்பை அனுபவித்தவர்களும் கையில் எடுத்துப் பார்ப்பதற்காக இம்மலரை வெளியிடுகிறோம். மூத்த மகள் என்ற முறையில் இதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. உண்மையில் இது தம்பி எழுதியிருக்க வேண்டியது.

ஐயா வடமராட்சியில் கரவெட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவரைத் தாய்மாமன் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார். றெயில்வேயில் சேர்ந்து வேலை பழகுவதற்காகக் கொழும்புக்கு வந்தபோது கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் நாலைந்து பேரோடு தங்கினார். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் சிங்களம், அதற்கடுத்த வீட்டில் மலையாளம். மாலையில் சும்மா வாசலில் நின்றாலே காதுக்குப் படிப்பு என்று சொல்லிச் சிரிப்பார்.

பின்பு அவர் ஸ்டேசன் மாஸ்டராக உத்தியோகம் பார்த்ததெல்லாம் தென் கரையோரத்தில்தான். அம்பலாங்கொடை, வெலிகம, மாத்தறை என்று ஸ்டேசன் ஸ்டேசனாக மாற்றம் வந்தது. அம்மாவும் நாங்களும் ஊரில் இருந்தோம். லீவு கிடைக்கும்போது மட்டும் ஐயா வருவார். மாதக்கணக்கில் ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாமல் இருந்த காலமும் உண்டாம். "கனவிலயும் சிங்களத்திலதான் கதைக்கிறன்" என்று ஒருமுறை சொன்னார். நாங்கள் அதைப் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

கதிர்காமத்துக்குப் போகிற தமிழ்ச் சனம் மாத்தறையில் வந்து இறங்கி வழி கேட்கத் தெரியாமல் நிற்கும்போது, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே வெளியே வந்து வண்டி பேசி ஏற்றிவிடுவார். மலைநாட்டிலிருந்து வந்த ஒரு தாய், காய்ச்சலில் கிடந்த பிள்ளையை வைத்துக்கொண்டு சிங்களத்தில் ஒரு சொல்லும் சொல்லத் தெரியாமல் ஸ்டேசன் மேடையில் இருந்து அழுதாராம். ஐயா அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்குத்தர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, பிள்ளைக்குக் காய்ச்சல் விடும்வரை தினமும் போய்வந்தார். "வாயிருந்தும் வழியில்லாமல் நிக்கிறது போல ஒரு கஷ்டம் இல்லைப் பிள்ளை" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பென்சன் எடுத்த பின் வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்துக்குக் கிட்ட ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, அம்மாவை அழைத்துக்கொண்டார். எனக்கும் அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. தம்பி அதற்கு முன்பே மலாயாவில் றெயில்வே வேலைக்குப் போய்விட்டான்.

சந்தைக்கும் கடைக்கும் ஐயாதான் போவார். அம்மாவுக்குச் சிங்களம் படிப்பிக்க அவருக்கு நல்ல ஆசை.

"எனக்கென்னத்துக்கு? நீங்கள் இருக்கிறியள்தானே" என்பார் அம்மா.

ஐயாவோ அந்த வயதிலும் மலாய் மொழி படிக்கத் தொடங்கியிருந்தார். தம்பியைப் பார்க்க மலாயாவுக்குப் போகும்போது அங்குள்ளவர்களோடு கதைக்க வேண்டுமாம். கொம்பனித்தெருவில் பொலிஸில் இருந்து இளைப்பாறிய ஒரு மலாய்க்கார நண்பரிடம் ஞாயிறுதோறும் போவார். எங்கள் மலாய் வேறு, அங்கத்தைய மலாய் வேறு என்று அந்த நண்பர் சொல்லியும் கேட்கவில்லை. யுத்தம் வந்து, மலாயா யப்பான்காரன் கையில் விழுந்து, தம்பியின் கடிதங்கள் நின்ற பிறகும் போய்க்கொண்டேயிருந்தார்.

"கப்பலே ஓடேல்லை. இப்ப ஏன் போறியள்?" என்று அம்மா கேட்டார்.

"ஓடத் தொடங்கினாப் பிறகு படிக்கப் போனால் பிந்திப்போகுமப்பா."

கொழும்பில் குண்டு விழுந்தபோது எங்கள் ஒழுங்கையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போய்விட்டன. எங்களையும் வரச்சொன்னார்கள். தம்பியைப் பற்றி ஏதும் தகவல் வந்தால் இந்த விலாசத்துக்குத்தான் வரும் என்று ஐயா அசையவில்லை.

ஒரு காலையில் முகம் வழித்துக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பாரிசவாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சில நாள் பேச்சே இல்லை. பிறகு ஒரு மாலை உதடு அசைந்தது. "வத்துர" என்றார். தண்ணீர் கேட்கிறார் என்று தாதி ஓடிவந்து கொடுத்தாள். சுற்றிவர எல்லோரும் சிங்களம் பேசுவதால் அப்படிக் கேட்டார் என்று நினைத்தோம்.

அம்மா கட்டிலோடு சாய்ந்து நின்று, "இஞ்சாருங்கோ, நான் வந்திருக்கிறன்" என்றார். ஐயா அம்மாவின் வாயையே பார்த்தார். ஆளை அறிந்துகொண்டார் என்பதில் சந்தேகமில்லை, கண் கலங்கியது. ஆனால் அவர் சொன்னது சிங்களம். நான் தமிழில் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டுக்கும் விளங்காதவர்போல் தலையை ஆட்டினார். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் மீன்காரனுக்கும் மட்டும் போதுமானது. அடுத்த கட்டிலில் கிடந்த ஒரு வயோதிபர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐயா சொன்னதை எனக்காக எளிய சிங்களத்தில் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"பிள்ளை, என்ன சொல்லுறார்?" என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கிறார் அம்மா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போய்விட்டார்.

மூளையில் இரத்தம் பாய்ந்த இடத்தைப் பொறுத்து ஒரு மொழி போய் இன்னொன்று நிற்பது அபூர்வமாக நடக்கும் என்று டாக்குத்தர் சொன்னார். தமிழ் திரும்புமா என்று கேட்டேன். "வரலாம். வராமலும் விடலாம்" என்றார். 

வீட்டுக்குக் கொண்டுவந்த பின் எங்களுக்குத் துணையாக நின்றவர் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமாவதி. கணவருக்கு மில்லில் வேலை. தன் வேலை முடிந்த கையோடு வந்து ஐயாவின் பக்கத்தில் இருப்பார். அரைகுறைத் தமிழ் அவருக்கு வரும், ஐயாவை "மாத்தயா" என்பார். "அம்மா, மாத்தயா சொல்றான், தலை நோவு. மாத்தயா சொல்றான், கஞ்சி வாணாம்." அவர் இல்லாத நேரங்களில் ஐயா எதையோ திரும்பத் திரும்பக் கேட்பார். அம்மா தலையணையை மாற்றுவார், தண்ணீர் கொடுப்பார், யன்னலைத் திறப்பார், மூடுவார். எதுவும் அதுவல்ல. கடைசியில் ஐயா கண்ணை மூடிக்கொண்டு மறுபக்கம் முகத்தைத் திருப்புவார். இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது ஒரேயொரு சொல். தண்டவாளம் அதிரும்போது ஐயா "கோச்சிய" என்பார். "ஓம், கோச்சி போகுது" என்று அம்மா அவசரமாகப் பதில் சொல்வார்.

"இவ்வளவு காலம் ஒண்டா இருந்திட்டு, இப்ப அவரோட ஒரு கதை கதைக்க மற்ற ஆக்களைக் கூப்பிட வேண்டிக் கிடக்குப் பிள்ளை" என்று ஒருநாள் அடுப்படியில் சொன்னார். அன்றே சோமாவதியிடம், தனக்குச் சிங்களம் சொல்லித்தரும்படி கேட்டார்.

படிப்பு எளிதாக வரவில்லை. சொல் நினைவில் நின்றால் ஓசை பிசகும். ஓசை சரியானால் ஐயா விடுகிற மறுமொழி விளங்காது. நானும் சேர்ந்துதான் படித்தேன். என் நாக்கு கொஞ்சம் இலகுவாக வளைந்தது. ஆனால் ஐயா பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் வாயை. அம்மா பிழையாக ஒன்றைச் சொல்லும்போது அவருடைய இடது கன்னம் சிரிப்பதுபோல் மேலே போகும்.

ஒருநாள் மத்தியானம் ஐயா தெளிவாகக் கேட்டார். "புத்தா கோ?"

சோமாவதி தன் மகனைப் புத்தா என்று கூப்பிடுவதை அம்மா கேட்டிருக்கிறார். மீன்காரனிடம் ஐயா "கோ?" என்று கேட்பதையும் முன்பு கேட்டிருக்கிறார். யாருடைய உதவியும் இல்லாமல் அம்மாவுக்கு முதன்முதலாக விளங்கிய வாக்கியம் அதுதான். மகன் எங்கே?

அம்மா அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டார்.  

மாலையில் சோமாவதியிடம் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, "'எனவா' சொல்லுங்க அம்மா. வாறான் எண்டு. மாத்தயா சந்தோசம்" என்றார்.

அம்மா மறுத்துவிட்டார். "இவ்வளவு காலமா அவருக்கு நான் பொய் சொன்னதில்லை. இப்ப வேறை பாஷையில சொல்லுறதோ?" என்றார். பிறகு, "நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறம். அதை எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார்.

"அப்பித் பலாகென இன்னவா" என்று சோமாவதி சொல்லிக்கொடுத்தார்.

தேங்காய் துருவும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா மறுபடி கேட்டபோது கட்டிலோரம் இருந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.  ஐயா "ஹொந்தய்" என்றார். நல்லது என்று அர்த்தம். அந்த நாளுக்குப் பிறகு அவர் தம்பியைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஆறுதல் கிடைத்ததாலா, கேட்டுப் பயனில்லை என்று விட்டதாலா என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த மாதம் மீண்டும் ஒருமுறை வாதம் தாக்கியது. எஞ்சியிருந்த சிங்களமும் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. அம்மா தனக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் சொல்லிப்பார்த்தார், படித்த சிங்களம் எல்லாம் சொல்லிப்பார்த்தார். பிறகு அவர் கையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். அப்படியே ஒரு விடியற்காலையில் ஐயாவின் மூச்சு நின்றது.

அவரைப் பராமரித்த டாக்குத்தருக்கும் தாதிமாருக்கும், யுத்தகாலத்து நெருக்கடியிலும் யாழ்ப்பாணத்திலிருந்து கோச்சியேறி வந்து தோள்கொடுத்த உறவினர்களுக்கும், கனத்தை மயானத்தில் ஒதுங்கி நின்று தன் முறைப்படி இரு கையேந்திய கொம்பனித்தெரு நண்பருக்கும், எங்களுக்குக் கூடப்பிறந்தவளாகவே ஆகிவிட்ட சோமாவதிக்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

யுத்தம் முடிந்துவிட்டது. கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. கப்பல் வருகிற நாட்களில் நானும் அம்மாவும் துறைமுகத்துக்குப் போய், இறங்கி வருகிறவர்களிடம் விசாரித்து வருகிறோம். தமிழரிடம் மட்டுமல்ல, சிங்களவரிடமும் அம்மா தானே போய்க் கேட்கிறார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டு, இல்லை என்கிறார்கள்.

இம்மலரைப் பெறுவோரில் மலாயாவிலிருந்து திரும்பியவர்களோ, அங்கே உறவினரை உடையவர்களோ இருக்கலாம். எங்கள் தம்பியின் பெயரும் வீட்டு விலாசமும் பின்னட்டையில் இருக்கின்றன. அவன் உயரமானவன். இடது புருவத்தில் தழும்பு இருக்கிறது. கதைக்கும்போது கொஞ்சம் திக்குவான். அவனைக் கண்டவர்கள் யாரும் இருந்தால், நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, தயவுசெய்து எங்களுக்குத் தெரிவியுங்கள். ஐயாவின் திதிக்கு அவன் வர வேண்டுமா, அல்லது அவனுக்கும் சேர்த்து நாங்கள் செய்ய வேண்டுமா என்று அம்மா கேட்கிறார்.