சும்மா இருந்த பெட்டிக்கு பேட்டரி சுமந்த நாகையா

நாகையா மலேசியாவில் பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, லோரி பட்டறையில் வயரிங் பழகி, கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் எலெக்ட்ரிக்கல் வேலைக்குச் சேர்ந்தவர். பதினோரு வருஷம் லோரி விளக்கு, ஹார்ன், ஆபிஸ் ஃபேன் என்று எதையாவது பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவர் வாழ்க்கைக்குள் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வந்து சேர்ந்தது.

தெலுக் பங்லிமா காராங் போகும் ரோட்டில் கம்பெனிக்கு ஒரு கன்டெய்னர் யார்டு இருந்தது. மின்சாரம் இன்னும் போகாத இடம். கோலாலம்பூர் தலைமை ஆபிஸிலிருந்து இரண்டு பேர் வந்து, அங்கிருந்த தகர கேபினில் புத்தகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டியைச் சுவரில் பொருத்தினார்கள். பல கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் பெட்டி அது. அதிலிருந்து ஒரு நீலக் கம்பி தரையில் இருந்த குழாய்க்குள் இறங்கியது. பெட்டிக்குக் கீழே ஒரு லோரி பேட்டரியை வைத்தார்கள்.

"கம்ப்யூட்டர் அடுத்த வாரம் வரும். அதுவரைக்கும் பெட்டி அணையாம பாத்துக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கம்ப்யூட்டர் வரவில்லை. பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு இருந்தது. மூன்றரை நாளில் பேட்டரி தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்ட நாகையா, மூன்று நாளைக்கு ஒருமுறை கிள்ளானில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மோட்டார் சைக்கிளின் பின்னால் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி எடுத்துப்போய், தீர்ந்ததைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ.

"சுவிட்சுன்னா கரண்ட்ட தொறக்கும், மூடும். அது எப்படிங்க கரண்ட்ட திங்கும்?" என்று அவர் மனைவி தனலெட்சுமி கேட்டார்.

"இது வேற சுவிட்ச்."

"அப்ப அத ஆஃப் பண்ணிட்டு வாங்களேன்."

"அதுல ஆஃப் பண்ற சுவிட்ச் இல்ல."

தனலெட்சுமி அவர் முதுகுக்குத் தைலம் எடுத்து வந்தார்.

நாலு மாதம் கழித்து நாகையா கிளை மேனேஜர் கார்த்திகேசுவிடம் போனார். கார்த்திகேசு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர். அப்பா, பெரியப்பா இருவரும் ரயில்வேயில் கிளார்க்குகள். கடிதத்தில் எழுதி வந்த எதையும் அவர் மீறியதில்லை.

"சார், கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் வயர கழட்டி வைக்கலாமா?"

"கழட்டக் கூடாது நாகையா. தலைமை ஆபிஸ்ல ஒரு ஸ்கிரீன் இருக்காம். நம்ம யார்டு அதுல ஒரு பச்சைக் கட்டம். பெட்டி அணைஞ்சா கட்டம் சிவப்பாயிடும். சிவப்பானா டைரக்டர் போன் பண்ணுவார்."

"அது ஒரு வேலையும் செய்யலயே சார்."

"தயார் நிலையில இருக்கு லா. அதுவும் வேலைதானே."

அந்தப் பதில் நாகையாவுக்குச் செரிக்கவில்லை. மீட்டரை எடுத்துப்போய் யார்டுப் பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்தார். எண்பது பாயிண்ட் காட்டியது, அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றுக்கு எண்பது. மறுநாள் கிள்ளான் ஆபிஸில் இருந்த அதே மாதிரிப் பெட்டியை அளந்தார். அதில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் மாட்டியிருந்தன. விளக்குகள் எல்லாம் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன. அது இழுத்தது தொண்ணூறு. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று வேறொரு மீட்டரை இரவல் வாங்கி அளந்தார். அதே தொண்ணூறு.

பன்னிரண்டு பேருக்கு நாள் முழுக்க ஓடியாடும் பெட்டிக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே சாப்பாடு. யாரோ தன்னை நேரில் ஏமாற்றியது போல அவருக்கு இருந்தது. இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி கார்த்திகேசுவின் மேசையில் வைத்தார்.

கார்த்திகேசு தாளை இரண்டு தடவை படித்தார். "அப்படின்னா நம்ம பெட்டி, ஆபிஸ் பெட்டி செய்யுறதுல எண்பத்தொம்பது பெர்சென்ட் செய்யுது" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. அப்படியே ஆங்கிலத்தில் டைப் செய்து தலைமை ஆபிஸுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. கம்ப்யூட்டரே இல்லாமல் எண்பத்தொன்பது சதவீதம் எட்டிய ஒரே கிளை கிள்ளான்தானாம். அதற்குக் காரணமான ஊழியரைத் தலைமை ஆபிஸுக்கு அனுப்பி வைக்கும்படி எழுதியிருந்தார்கள்.

நாகையா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோலாலம்பூர் போனார். பதினாலாவது மாடி. டைரக்டர் கை குலுக்கினார், ஒரு பேனா கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் அறையைக் காட்ட மீனலோசனி என்ற அதிகாரியோடு அனுப்பினார். இருபத்தெட்டு வயதுப் பெண். தோளில் ஸ்வெட்டர் போட்டிருந்தார், அந்த அறை அவ்வளவு குளிர்.

ஸ்கிரீனில் ஒன்பது கட்டங்கள். எல்லாம் பச்சை. தங்கள் யார்டின் பெயரைக் கண்டதும் நாகையா கிட்டே போய் இன்னொரு தடவை படித்தார். ஏனென்றால், இந்தப் பயண ஏற்பாட்டில் பேட்டரி மாற்றுவதையே அவர் மறந்திருந்தார். முந்தின நாளே பெட்டி அணைந்திருக்க வேண்டும்.

"மிஸ், இது பச்சையா இருக்கே."

"அது எப்பவும் பச்சைதான் அங்கிள்."

"பெட்டி நேத்தே அணைஞ்சிருக்கும் மிஸ்."

மீனலோசனி அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அங்கிள், உங்க யார்டுக்கு இங்கிருந்து இன்னும் லைனே இழுக்கல. சிவப்பா வெச்சா டைரக்டர் டெய்லி கேக்கிறார். அதான் நானே பச்சை அடிச்சு வெச்சிருக்கேன்."

நாகையா பஸ்ஸில் கிள்ளானுக்குத் திரும்பி, வீட்டுக்குப் போகாமல் நேரே யார்டுக்குப் போனார். கேபினைத் திறந்து, குழாய்க்குள் இறங்கிய நீலக் கம்பியை மெல்ல இழுத்தார். தடையில்லாமல் வந்தது. ஆறடி. நுனியில் கறுப்பு டேப்பை அழகாகச் சுற்றியிருந்தார்கள்.

யார்டு வாசலில் தோசைக் கடை வைத்திருந்த புஷ்பவல்லி, கேபின் வாசலில் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டீ கொண்டுவந்தார்.

"என்ன அண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"அஞ்சு மாசமா யாருக்கு சோறு போட்டேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் கார்த்திகேசுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாராட்டுக் கடிதத்தை ஃபைல்ல போட்டாச்சு நாகையா. ஃபைலுக்குப் போனத வெளிய எடுக்க முடியாது."

"அப்ப பேட்டரி?"

"அது போகட்டும். வழக்கம் போல போகட்டும்."

வழக்கம் போலவே போனது. ஆனால் அந்த வாரத்திலிருந்து பேட்டரி கேபினுக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த புஷ்பவல்லியின் கடைக்கு நாகையா அந்தப் பேட்டரியில் எரியும் ஒரு சின்ன டியூப் லைட் பூட்டிக் கொடுத்தார். இருட்டிய பிறகும் லோரிகள் நின்றன. கார்த்திகேசு ஒருநாள் யார்டைப் பார்வையிட வந்தார். டியூப் லைட்டிலிருந்து இறங்கிய வயரைக் கண்ணாலேயே பேட்டரி வரை தொடர்ந்துவிட்டு, கடையில் உட்கார்ந்தார். இரண்டு தோசை சாப்பிட்டார். பதினெட்டு கிலோ இன்னும் பதினெட்டு கிலோதான். ஆனால் நாகையாவுக்கு முதுகுவலி குறைந்தது. அதை அவரே தனலெட்சுமியிடம் சொன்னார், அவர் நம்பவில்லை.

அடுத்த வருஷம் யார்டுக்கு மின்சாரமும் லைனும் ஒரே மாதத்தில் வந்தன. ரவாங் கிளையில் நெட்வொர்க் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் தேடியபோது, தலைமை ஆபிஸ் பழைய ஃபைல்களைப் புரட்டியது. எண்பத்தொன்பது சதவீதக் கடிதத்தோடு கம்பெனியில் ஒரே ஒருவர் பெயர்தான் இருந்தது. நாகையா கார்த்திகேசுவிடம் போய், தனக்குக் கம்ப்யூட்டரைத் தொடக்கூடத் தெரியாது என்றார்.

"தெரியும்னு கடிதத்தில இருக்கு" என்றார் கார்த்திகேசு.

ரவாங்கில் அவருக்குத் தனி மேசை, பெயர் அட்டை, ஒரு கம்ப்யூட்டர் எல்லாம் கொடுத்தார்கள். முதல் நாள் காலை பத்தரை வரை அதன் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் பக்கத்து மேசைக் கிளார்க்கிடம் குனிந்து, "தங்கச்சி, இத எங்க அமுக்கி ஓட விடணும்?" என்று கேட்டார்.