நான் அணைக்கச் சொன்ன விளக்கு

தொண்ணூறுகளின் கடைசியில், வளைகுடாவில் வேலை முடிந்து திரும்பிய என் கணவர் ஒரு டர்போ டீசல் கார் கொண்டுவந்தார். சாந்தோமிலிருந்து அடையாறில் இருக்கும் பள்ளிக்கு மகளை அதில் நான்தான் அழைத்துப் போவேன். ஒரு வாரமாக, இன்ஜினின் சக்தி குறைந்திருப்பதாக எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. சாலையைப் பார்ப்பதா, அதைப் பார்ப்பதா என்று தவித்தேன்.

பொறுக்க முடியாமல் மயிலாப்பூர் மெக்கானிக் ஒருவரிடம், “முதல்ல இந்த லைட்டை அணைச்சுக் குடுங்க” என்றேன்.

“பல்பையே கழட்டிட்டேம்மா. இனிமே எரியாது” என்றார். நிம்மதியாக வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு லாரியை முந்தினேன். பாதியில் கார் துவண்டுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. எதிரே பஸ். “அம்மா!” என்று மகள் அலறினாள். லாரிக்காரர் பிரேக் போட்டு இடம் கொடுத்ததால் பிழைத்தோம்.

அடையாறில் வேறொரு மெக்கானிக்கிடம் போய் நிறுத்தினேன். பல்பைக் கழற்றியது உட்பட நடந்ததைச் சொன்னேன். அவர் பானெட்டைத் திறந்து, என்னை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

“புஸ்ஸுனு காத்து போவுது பாருங்க. காத்தை அழுத்தி அனுப்புற டர்போவுலேர்ந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் ஹோஸ் அடியில கிழிஞ்சி கீது. லைட்டு அதத்தான் சொல்லிக்கினு இருந்துச்சி. நீங்க அதோட வாயைக் கட்டிட்டீங்க.”

ஹோஸை மாற்றும்போதே பல்பையும் திரும்பப் போடச் சொன்னேன். அதன்பிறகு எந்த விளக்கு எரிந்தாலும், ஏன் எரிகிறது என்றுதான் மெக்கானிக்கிடம் கேட்டேன். பதில் கிடைக்கும்வரை நானும் மகளும் பஸ்ஸில்தான் போனோம்.