யூட்டின் கைப்பேசியில் கிடந்த என் அழைப்பு

அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதில் தந்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பதில் இனித்தது என்று மட்டும் சொல்லமாட்டேன். பதில் வரத் தொடங்கிய அன்று நான் அழுததுபோல அதற்கு முன்னும் அழவில்லை, பின்னும் அழவில்லை.

நான் மன்னார் பள்ளிமுனையைச் சேர்ந்தவன். அப்பாவுக்கு நண்டு வலைத் தொழில். ஏ.எல். பரீட்சை முடிந்த நாளிலிருந்து நானும் அவரோடு போட்டில் போனேன். எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். என்னை இந்தச் சபைக்குக் கூட்டிவந்தவன் யூட். என் வகுப்புக்காரன், ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவன். அவனுடைய வீட்டார் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர்கள். ஊரில் எங்களை மோர்மன்காரர் என்பார்கள். எங்களுக்கென்று கட்டடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யூட் வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக் கூடுவோம். பதினைந்து பேர் வந்தால் அது பெரிய கூட்டம். நாங்கள் பாட்டெடுத்தால் வாசல் படலையடியில் நிற்கும் கழுதைகளும் சேர்ந்து பாடும்.

அம்மாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. ஞானஸ்நானத்தைக்கூட ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டார். எங்கள் சபையில் தேத்தண்ணி விலக்கு என்று, அவர் தந்ததை நான் வேண்டாம் என்ற நாளில்தான் உண்மையாகவே கோபப்பட்டார். "தேத்தண்ணி குடிச்சா மோட்சம் பூட்டிப்போடுமோ?" என்று கேட்டார்.

எங்கள் வாலிபர்கள் இரண்டு வருடம் வீட்டைவிட்டு ஊழியத்துக்குப் போவது உங்களுக்குத் தெரியும். எந்த நாட்டுக்குப் போவது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. விண்ணப்பம் அனுப்பினால் அமெரிக்காவிலுள்ள தலைமையகத்திலிருந்து அழைப்பு மின்னஞ்சலில் வரும். அதைத் தனியே திறந்து பார்ப்பதில்லை. வீட்டாரையும் சபையாரையும் கூட்டிவைத்து, எல்லோர் முன்னாலும் திறந்து, உரத்து வாசிப்பதுதான் வழக்கம்.

யூட்டும் நானும் ஒன்றாகத்தான் விண்ணப்பம் அனுப்பினோம். ஊழியர்கள் எப்போதும் இரண்டு பேராகவே போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அந்த இரண்டு பேர் நாங்கள் இருவரும்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். முன்பின் தெரியாத ஒருவனோடுதான் சோடி சேர்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. ஊழியர் போடும் வெள்ளைச் சேட்டுக்கு இரண்டு பேரும் ஒரே தையல்காரரிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தோம்.

விண்ணப்பம் அனுப்பி ஒரு கிழமைக்குள் என் கைப்பேசி கடலில் விழுந்தது. புதிது வாங்க வசதியில்லை. யூட் தன்னுடைய கைப்பேசியில் என் மின்னஞ்சலைப் போட்டுக்கொண்டான். கொழும்பில் இருக்கும் எங்கள் சபைத் தலைவரிடம் என்னைத் தொடர்புகொள்ளும் இலக்கமாக அவனுடைய இலக்கத்தையே கொடுத்தோம்.

"மச்சான், ஆருக்கு முதல் வந்தாலும் திறக்கிறேல்ல. ரெண்டு பேருக்கும் வந்தாப்பிறகு ஒண்டாத் திறப்பம்," என்றான்.

"ஓமடா," என்றேன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சோளகக் காற்று தொடங்கிய நேரம் அது. கடல் கலங்கி நண்டு குறைந்திருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் வலையைக் கழுவிப் போட்டுவிட்டு யூட் வீட்டுக்குப் போவேன். "வந்ததோ?" என்று கேட்பேன். அவன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "இன்னும் வரேல்லையடா," என்பான். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போன சனம் திரும்பியும் வந்துவிட்டது. வரவில்லை.

சகோதரர்களே, அந்த நாட்களில் நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். சந்தியில் நிற்கிறவர்கள், "என்னடா, அமெரிக்காக்காரர் உன்னை மறந்திட்டினமோ?" என்று சிரிப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆண்டவருக்கே நான் வேண்டாமோ என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. செய்த பாவங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். இதற்காகவோ, அதற்காகவோ என்று கேட்பேன். யூட் என் தோளில் கைபோட்டு, "யோசியாத மச்சான், நான் இருக்கிறன்தானே," என்பான்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு நேரச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருப்போம். அந்த மாத உபவாசத்தில் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். "ஆண்டவரே, என்னை வேண்டாமென்றால் அதையாவது சொல்லும். சும்மா விட்டுவிடாதேயும்."

அன்று கொழும்பிலிருந்து தலைவர் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். யூட், அவனுடைய தாயார், இன்னும் ஐந்தாறு பேர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, முடிவு எடுத்தீங்களா? இன்னும் யோசிக்கிறீங்களா?" என்றார்.

"எதைப் பற்றி ஐயா?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "உங்க அழைப்பு வந்து ரெண்டு மாசத்துக்கு மேலயாச்சு. பதில் இல்லைன்னு ரெண்டு தரம் போன் பண்ணினேன். உங்க கூட்டாளிதான் எடுத்தார். நீங்க போறதா வேண்டாமான்னு யோசிக்கிறதா சொன்னார்."

நான் திரும்பி யூட்டைப் பார்த்தேன். அவன் ஒரு கதிரையைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பொய் என்று சொல்லுவான், ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று சொல்லுவான் என்று காத்திருந்தேன்.

"யூட், உண்மையோடா?"

"எனக்கும் வந்ததடா," என்றான். "எனக்குத் தொய்வு எண்டபடியால் வெளிய அனுப்பேலாதாம். வீட்டில இருந்தே சேவை செய்யட்டாம். நீ போயிட்டா நான் இஞ்ச என்ன செய்யிறது?"

அவனுக்கு இழுப்பு வருவது எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவனோடு போய்வந்தவன் நான். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. தோளில் கைபோட்டது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பின்னேரமும் கைப்பேசியைப் பார்ப்பதுபோல நடித்தது ஞாபகம் வந்தது. நான் ஆண்டவரிடம் அழுததை அவனிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தவன். சபையார் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொன்னேன். "இனி என்ர முகத்தில முழியாத," என்றேன். உபவாசத்தை முடிக்காமலே அழுதுகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

புதன்கிழமைக்குள் பதில் அனுப்பினால் சரி என்று தலைவர் சொல்லி அனுப்பினார். நான் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். ஆண்டவரைக் காட்டித் தந்தவனே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான். இனி எந்த ஊழியம்? எந்தச் சாட்சி? திங்கட்கிழமை முழுக்க நான் ஜெபித்தது ஜெபமே அல்ல, சண்டை. "கேட்டதற்கு இதுவோ பதில்?" என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். கடைசியில் களைத்துப்போய், "என்ன செய்யவேண்டும் என்று நீரே சொல்லும், என்னால் முடியவில்லை," என்றேன்.

செவ்வாய் மத்தியானம் கரையில் அம்மா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் இருந்தேன். நடந்தது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"நான் போகேல்லையம்மா," என்றேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். நான் போகாமல் இருக்க அவர் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா கையிலிருந்த ஊசியை நிறுத்தினார். "யூட்டுக்காகவோ நீ போறன் எண்டு சொன்னனி? கடவுளுக்காக எண்டெல்லோ சொன்னனி?"

நான் வலையின் மறு நுனியை எடுத்துப் பிடித்தேன்.

"உன்னைப் போகவிடக்கூடாதெண்டு அந்தோனியாரிட்ட ஒவ்வொரு செவ்வாயும் கேட்டனான். கேட்டது கிடைச்சிட்டுது. ஆனா இப்பிடிக் களவாயோ கிடைக்கோணும்? எனக்கு இந்த வரம் வேண்டாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாவின்ர போனை எடுத்து அந்த ஐயாவுக்குச் சொல்லு, வாறன் எண்டு."

சகோதர சகோதரிகளே, என் ஜெபத்துக்கு வந்த பதில் இதுதான். எங்கள் சபையில் ஒருநாளும் கால் வைக்காத அம்மாவின் வாயிலிருந்து வந்தது. தன் ஜெபத்தைத் தூக்கி எறிந்துவிட்டு என் ஜெபத்துக்குப் பதில் சொன்னார். எந்த நாடு என்று திறந்துகூடப் பார்க்காமல், வருகிறேன் என்று அன்றே அறிவித்தேன். அந்த ஞாயிறு அழைப்பை யூட் வீட்டில் வாசிக்கவில்லை. எங்கள் வீட்டுக் குசினியில், அம்மா, அப்பா, தங்கச்சி முன்னால், அப்பாவின் கைப்பேசியில் திறந்து வாசித்தேன். பிலிப்பைன்ஸ் என்றிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டார். அங்கே மன்னாரைப்போல நிறையத் தீவுகள், நிறைய மீன் என்றேன்.

நான் புறப்பட்ட நாளில் யூட் பஸ் நிலையத்துக்கு வந்தான். மீன் சந்தைப் பக்கம் தள்ளி நின்றான். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

பிலிப்பைன்ஸில் எனக்குச் சோடியாகத் தந்தது பசிபிக் கடலில் உள்ள தொங்கா தீவுக்காரன் ஒருவனை. கதவை நிரப்பிக்கொண்டு நிற்கும் உடம்பு. அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் மொழி தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். எங்கள் விதிப்படி ஒருவன் மற்றவனைப் பார்வையிலிருந்து விடக்கூடாது. பற்பசை வாங்கப் போவதென்றாலும் இரண்டு பேரும்தான். எனக்கு அது தண்டனையாக இருந்தது. யாரோடும் ஒட்டக்கூடாது என்று முடிவெடுத்து வந்தவனுக்கு ஆண்டவர் ஒரு நிழலை ஒட்டிவிட்டார்.

மூன்றாம் மாதம் எனக்கு டெங்குக் காய்ச்சல். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண் விழிக்கும்போதெல்லாம் அவன் அந்தச் சின்னக் கதிரையில் மடங்கி இருப்பான். "விதிக்காகவா இருக்கிறாய்?" என்று கேட்டேன். "முதல் நாள் விதிக்காக," என்றான். அன்றுதான் என்னுள் ஏதோ ஒன்று இளகியது.

யூட் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மின்னஞ்சல் அனுப்பினான். நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, அழித்தேன். என் அழைப்பை மறைத்தவனுக்கு அதுதான் சரி என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இரண்டு வருடம் முடிந்து ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு முழங்கால் முன்போல இல்லை. ஊழிய காலம் முழுக்க, உன் இடத்துக்கு ஆள் பிடித்துவிட்டேன், யோசிக்காதே என்று அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் விடிய அவரோடு கரைக்குப் போனேன். போட்டில் யூட் வலையை அடுக்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் தொய்வுக்கு அவன் இழுக்கும் பம்ப்.

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நீ போன மறுகிழமையில இருந்து வாறான்," என்றார் அப்பா. "உனக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டான். காசும் வாங்கமாட்டான். வீட்டில இருந்து சேவை செய்யட்டாம் எண்டு வந்ததாம், இது அந்தச் சேவையாம்."

எனக்கு வந்தது சந்தோசம் அல்ல, எரிச்சல். இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்த கோபத்தையும் இவன் எடுத்துக்கொண்டானே என்ற எரிச்சல். யூட் எழும்பி இறங்கப் பார்த்தான். "உன்ர இடம்," என்றான்.

"இரடா," என்றேன்.

இப்போது அப்பா கரையில் நிற்கிறார். நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். இதை எழுதட்டுமா என்று யூட்டிடம் கேட்டேன். "என்ர பேரைப் போட்டே எழுது," என்றான்.

நம்பினவர் கைவிட்டதால் நொந்து இதை வாசிக்கிறவர் யாரும் இருந்தால், உங்களுக்குச் சொல்கிறேன்: ஆண்டவரிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் கேளுங்கள், சண்டை பிடித்தாவது கேளுங்கள். அவர் உங்களைச் சும்மா விடமாட்டார். பதில் நீங்கள் விரும்பும் வாயிலிருந்து வராது. ஆனாலும் வரும். அதற்காக நம் மீட்பராகிய இயேசுவுக்கு நன்றி சொல்கிறேன்.

முழுதாக மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய் எழுதியவன் ஆவேன். ஆனால் ஒன்று சொல்லலாம். வலை இழுப்பவன் போட்டின் முன்நுனியான அணியத்தில், இயந்திரம் பிடிப்பவன் பின்னால். அவனுக்குத் தொய்வு என்பதால் இழுப்பது நான். விடியவிடிய அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். அவன் என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.