சிரிலின் வெறுங்கை

சுடச்சுட மீன் வறுவல் பொட்டலத்தை வெறுங்கையில் வாங்கிக்கொண்டு, "இதுதாம்மா என் கையுறை" என்று கண்ணடிப்பார் சிரில். இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஜனவரியில் நாய்கூட வெளியே வராது. அவரோ என் கடைப்படியில் உறைந்த பனியை மரச்சுத்தியலால் உடைத்துக்கொண்டிருப்பார். யாரும் கேட்கவில்லை. "விட்டா ஏறிக்கிட்டே போகும். பாரம் தாங்காம கவுந்துடும்" என்பார். என் கடை எங்கே கவிழப்போகிறது!

ஐம்பது வருடங்களுக்கு முன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ரஷ்யாவுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்குக் காவல் கப்பலில் போனவர் சிரில். அதே கப்பலில் நெட் என்பவரும் இருந்தார்; அவர் திரும்பி வரவில்லை. நெட்டின் அக்கா ஐவி, கிறிஸ்துமஸ் தவறாமல் சிரிலுக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னித் தருவார். வாங்கிக்கொள்வாரே தவிர, சிரில் ஒருநாளும் போட்டதில்லை. "திமிரு பிடிச்ச மனுஷன்" என்று ஐவி என்னிடம் மூக்கைச் சிந்தியிருக்கிறார். எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

இந்த ஏப்ரலில் நார்வேயிலிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மானியர் பிடியிலிருந்து அந்த நாடு விடுதலையான ஐம்பதாம் ஆண்டு. அன்று கரையிறங்கிய மாலுமிகளுக்கு விருந்தாம். ஐவி என் கடைக்கே வந்து, புதிதாய்ப் பின்னிய ஜோடியை சிரில் முன்னால் வைத்தார்.

"நானும் வர்றேன். நெட் தூக்கத்துலயே போயிட்டான்னியே, அந்தக் கடல்ல ஒரு பூவாவது போடணும். அங்க குளிரும், இந்தத் தடவையாவது இதைப் போட்டுக்கோ."

சிரில் எழுந்து போய்விட்டார். கால்மணி நேரத்தில் திரும்பி வந்து, ஒரு பழைய கருநீல ஜோடியை மேஜையில் வைத்தார். உப்பேறி விறைத்திருந்தது. ஐவி அதன் கட்டைவிரலைத் தடவினார்.

"நெட்டுக்கு நான் பின்னினது. இங்க ஒரு கண்ணி விட்டுப்போச்சு."

"என்னுது நனைஞ்சிருந்துச்சு, ஐவி. கப்பல்மேல உறைஞ்ச பனிய உடைக்கிற என் முறைக்கு அவன்கிட்ட இரவல் வாங்கினேன். முடிச்சிட்டு வந்து, கழட்டாமயே தூங்கிட்டேன். அவன் முறை வந்தப்ப, என்னை எழுப்ப மனசில்லாம வெறுங்கையோட மேல்தளத்துக்குப் போயிட்டான். பிடி நழுவிடுச்சு. சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பாத்தேன். அவன் மிதவைச் சட்டையில மாட்டியிருந்த சிவப்பு விளக்கு தண்ணியில மினுங்குச்சு. கூப்பிட்டான். நீர்மூழ்கி பயத்துல கப்பல் நிக்கல. தூங்கினது நான்தான், அவன் இல்ல. நார்வேயில இறங்கினப்ப பொண்ணுங்க பூ நீட்டினாங்க. வாங்கக் கை வரல."

எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை அணைத்தேன்.

ஐவி புதுக் கையுறையை எடுத்து, நூல்முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். பின்னல் வரிசை வரிசையாக அவிழ்ந்தது. சிரில் இரண்டு கைகளையும் நீட்டினார். ஐவி அவற்றில் நூலைச் சுற்றத் தொடங்கினார்.