காலியாக இருந்த 204-ஆம் அறை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வடமேற்கு மூலையில் உள்ள ஆல்டர் ஃபோர்க் கல்லூரியில், எந்த வகுப்பு எந்த அறையில் எத்தனை மணிக்கு நடக்கும் என்பதை முப்பது ஆண்டுகள் தீர்மானித்தவர் மெர்ல் ஸ்டொக்கி. பதவி என்னவோ பதிவாளரின் உதவியாளர்தான். பதிவாளர்கள் நான்கு பேர் வந்து போனார்கள். மெர்ல் இருந்த இடத்திலேயே இருந்தார். அவர் மேசைக்கு எதிரே சுவர் முழுவதும் ஒரு மரப்பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஓர் அட்டை. அட்டைக்கு ஒரு வகுப்பு. ஓர் அட்டையை இரண்டு அங்குலம் நகர்த்தினால் நாற்பது பேருடைய ஒரு பருவமே நகரும். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. அதனால்தான், தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னாளில் தன்னிடமே சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

1973-இல் வெண்டல் க்ராஸ் அங்கே கால்பந்துப் பயிற்சியாளராக வந்தார்; பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. வயது முப்பத்தைந்து. அவர் மைதானத்தில் கத்தினால் அஞ்சலகத்தில் கேட்கும். அந்த ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் இரண்டு வெற்றி, ஏழு தோல்வி. சனிக்கிழமை ஆட்டங்களை ஒரு நோட்டில் குறித்து வைப்பது மெர்லின் பழக்கம். அதை யாரும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலரை மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தவர், மைதானத்தோரம் நின்று தலைகளை எண்ணினார். ஐம்பத்திரண்டு பேரில் முப்பத்தொருவர்தான் பயிற்சியில் இருந்தார்கள். புதன்கிழமை ஐம்பத்தொருவர். வியாழக்கிழமை மறுபடியும் முப்பத்தொருவர்.

வராதவர்களில் நான்கு பேர் முன்வரிசை ஐவரைச் சேர்ந்தவர்கள். எதிரணியைத் தோளால் தள்ளி நிறுத்தி, பந்தை ஏந்தி ஓடுகிறவனுக்கு வழி திறப்பது அந்த ஐவரின் வேலை. ஐந்து பேரும் ஒரே மூச்சில் அசைய வேண்டும். ஒன்றாக ஆயிரம் தடவை அசைந்து பழகினால்தான் அது வரும். வராத மற்றவர்களைப் போலவே நால்வரும் பண்ணைப் பிள்ளைகள், மண்ணியல் படித்தார்கள், அந்தப் படிப்புக்கு வேதியியல் கட்டாயம். செய்முறை வகுப்பு செவ்வாய், வியாழன் ஒன்றரையிலிருந்து ஐந்தேகால் வரை, அறிவியல் கட்டடத்தின் 204-ஆம் அறையில். ஐந்தரைக்கு அவர்கள் கந்தக வாடையோடு மைதானத்துக்கு ஓடி வரும்போது, மற்றவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

1974 ஏப்ரலில், அடுத்த ஆண்டு அட்டவணையைப் போடும்போது, மெர்ல் அந்த அட்டையைக் கழற்றிக் காலை ஏழே முக்கால் மணி ஆணியில் மாட்டினார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. க்ராஸிடமும் அவர் சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஏழு வெற்றி, இரண்டு தோல்வி. அடுத்த ஆண்டு எட்டு, ஒன்று. ஊர் க்ராஸைத் தூக்கி வைத்துக்கொண்டாடியது. அந்தக் குரல்தான் பையன்களை எழுப்பியது என்றார்கள். க்ராஸும் அதையே நம்பினார்.

வேதியியல் ஆசிரியை வெர்னா டொலெஃப்சன் மட்டும் எழுதிக் கேட்டார். செவிலியர் படிப்பு மாணவிகள் காலையில் மருத்துவமனைப் பணியில் இருப்பார்கள், செய்முறை வகுப்பைப் பிற்பகலுக்கே மாற்றித் தர வேண்டும் என்று. மெர்ல் பதில் எழுதினார்: "பிற்பகலில் 204-ஆம் அறை வேறு வகுப்புக்கு ஒதுக்கப்பட்டுள்ளது." அறை காலியாக இருந்தது. ஒவ்வோர் ஏப்ரலிலும் அதே கேள்வி வந்தது, அதே பதில் போனது. 1976-இல் டொலெஃப்சன் கடிதம் எழுதாமல் கல்லூரித் தலைவரிடமே போய், செவ்வாய்க்கிழமை வகுப்பை மட்டும் பிற்பகலுக்குத் திருப்பி வாங்கினார். அந்த ஆண்டு அணிக்கு மூன்று தோல்வி. அடுத்த ஆண்டு மெர்ல் சத்தமில்லாமல் செவ்வாயையும் காலைக்கு மாற்றினார். ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி.

வேதியியலை நேரத்துக்கு முடிக்க முடியாமல் ஓராண்டு கூடுதலாகப் படித்த செவிலியர் மாணவிகள், 1982 இலையுதிர் காலம் வரை, பதினொருவர். எண்ணச் சொல்லி யாரும் மெர்லிடம் கேட்கவில்லை. அவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாரும் எழுந்து நின்று பொதுப் பாவ அறிக்கை சொல்லும்போது, தன்னுடையதும் அதில் அடங்கிவிடும் என்று பார்த்தார். அடங்கவில்லை.

1980 ஜனவரியில் க்ராஸ் டன்மோர் என்ற பெரிய பொறியியல் கல்லூரிக்கு அழைக்கப்பட்டார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வழியனுப்பு விருந்து. வீட்டுக்கு ஒரு பாத்திரமாகப் பெண்கள் கொண்டுவந்திருந்தார்கள். க்ராஸ் மேசை மேசையாக வந்து கை குலுக்கினார்.

"மெர்ல், அந்த நோட்டுல என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதி வைங்க" என்றார்.

மெர்லுக்கு உண்மை வாய் வரை வந்தது. ஆனால் அந்த ஊரில், இதை நான் செய்தேன் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது, பந்தியில் எட்டிப் பிறர் தட்டில் கை வைப்பதற்குச் சமம். அடக்கம் என்ற பெயரில் அது அவருக்கு நல்ல மறைவாகவும் இருந்தது.

"பாத்துப் போங்க. ரோடு வழுக்கும்" என்றார்.

டன்மோர் இருநூற்றுப் பன்னிரண்டு மைல். அங்கே முதல் ஆண்டு மூன்று வெற்றி, ஏழு தோல்வி. இரண்டாம் ஆண்டு இரண்டு, எட்டு. ஆல்டர் ஃபோர்க்கிலோ, அவருக்குப் பின் வந்த டெரில் பெக் என்ற கூச்ச சுபாவக்காரர், ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாமல் ஏழு, எட்டு என்று ஜெயித்துக்கொண்டிருந்தார். ஆள் மாறியும் வெற்றி மாறாதது ஏன் என்று ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

1982 அக்டோபர் 16, சனிக்கிழமை. டன்மோருக்கு அன்று ஆட்டம் இல்லை. காலை ஒன்பதரைக்கு, மெர்ல் வழக்கமாகக் காப்பி குடிக்கும் கடைக்குள் க்ராஸ் நுழைந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"வாங்க கோச். ஒரு ஆட்டமாவது ஜெயிச்சுட்டு வந்திருக்கலாமே" என்றார் பன்றிப்பண்ணை ஆர்லோ.

"ஒண்ணு ஜெயிச்சோமேப்பா."

"அதுவா? எதிராளிங்க பஸ் வழியில நின்னுபோயி, பாதிப் பேருதான் வந்தாங்கன்னு கேள்விப்பட்டேன்."

மேசை சிரித்தது. க்ராஸும் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"விளையாட்டில்ல, ஆர்லோ. பாக்கியிருக்கறதுல மூணு ஆட்டமாவது ஜெயிக்கலேன்னா பொட்டியைக் கட்டுன்னுட்டாங்க. இங்க பண்ணதைத்தான் அங்கயும் பண்றேன். அதே பயிற்சி, அதே திட்டு. இங்க என்னதான் இருந்துச்சு? தோணறதைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"என் பன்னிக்கறி" என்றார் ஆர்லோ. "தின்னவன் எவனும் சாஞ்சதில்ல."

"அங்க இருக்கறதெல்லாம் கண்ணாடி போட்ட பசங்க, கோச்" என்றார் இன்னொருவர். "கணக்குப் போடுவானுங்க, மோத மாட்டானுங்க."

"கத்தறது குறைஞ்சுபோச்சோ என்னவோ" என்றார் காப்பி ஊற்றிய லவோன். "வீட்டுக்காரம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

க்ராஸ் எல்லாவற்றையும் எழுதினார். பன்றிக்கறி என்றும் எழுதினார். நாற்பத்துநான்கு வயது மனிதர் ஒருவர் அந்தச் சொல்லை எழுதி, அடியில் கோடு போடுவதைப் பார்த்த மெர்ல் எழுந்தார்.

"கோச், கொஞ்சம் என்கூட ஆபீஸ் வரைக்கும் வர்றீங்களா?"

அலுவலகம் குளிர்ந்து கிடந்தது. மெர்ல் கோட்டைக் கழற்றவில்லை.

"டன்மோர்ல செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

"பாதிப் பேரு. இன்ஜினியரிங் பசங்க, லேப் இருக்கும். அது எல்லா இடத்துலயும்…" க்ராஸ் நிறுத்தினார். "இங்க எல்லாரும் வருவாங்க."

"முதல் வருஷம் வரல."

மெர்ல் 1973-ஆம் ஆண்டு நோட்டைத் திறந்து, முப்பத்தொன்று என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்ததைக் காட்டினார். பிறகு பலகையில் வேதியியல் அட்டை முன்பு இருந்த இடத்தையும், இப்போது இருக்கும் இடத்தையும் காட்டினார். 1976-இல் ஒருநாள் மட்டும் திரும்பியதையும், அந்த ஆண்டின் மூன்று தோல்விகளையும் காட்டினார். எல்லாம் சொல்லி முடிக்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

க்ராஸ் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் என்னதான் பண்ணேன் இங்க?"

"நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க. கேட்டுக்க ஆளுங்க வந்து நின்னாங்க. அங்க ஆளு வரல."

"கிளம்பற அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினீங்க, மெர்ல். ரோடு வழுக்கும்னீங்க. இதைச் சொல்லியிருந்தா, போனதும் முதல்ல லேப் எத்தனை மணிக்குன்னு கேட்டிருப்பேன். இல்லேன்னா போயே இருக்க மாட்டேன்."

"சொல்லியிருக்கணும். சொல்லல."

"சரி, விடுங்க. இப்பவாவது அங்க இதே வேலை பாக்கறவருக்கு ஒரு ஃபோன் போடுங்க. எப்படிப் பண்ணீங்கன்னு சொல்லிக் கொடுங்க."

க்ராஸ் தொலைபேசியை எடுத்து மேசையில் அவர் பக்கம் வைத்தார். மெர்ல் அதைத் தொடவில்லை. கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பதினொரு பெயர்கள், பெயருக்கு எதிரே, படிப்பை முடித்திருக்க வேண்டிய ஆண்டும் முடித்த ஆண்டும்.

"இது யாரு?"

"நர்ஸிங் பொண்ணுங்க. காலையில ஆஸ்பத்திரி. லேபைக் காலைக்கு மாத்தினதால இவங்களுக்கு ஒவ்வொரு வருஷம் போச்சு. அங்க அட்டையை நகர்த்தினா யாருக்குப் போகும்னு எனக்குத் தெரியாது, கோச். யாருக்காவது போகும்."

க்ராஸ் தாளை மேலிருந்து கீழே படித்தார். நேரம் எடுத்துப் படித்தார்.

"இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"டொலெஃப்சன் அம்மாவுக்கு?"

"தெரியாது."

"எனக்கு மட்டும் கூப்பிட்டுச் சொல்றீங்க. எனக்குப் போறது வெறும் வேலை." தொலைபேசியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவருகே நின்றார். "என் முன்வரிசையில செவ்வாய்க்கிழமை வராதவன் மூணு பேரு. மூணு பேரும் பாலம் கட்டப் படிக்கறானுங்க. அவனுங்க படிக்கட்டும்."

டன்மோர் அந்த ஆண்டு இன்னும் ஓர் ஆட்டம்தான் ஜெயித்தது. நவம்பர் 22, திங்கட்கிழமை க்ராஸை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அவர் நெப்ராஸ்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். அங்கே மூன்று மணிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பு முடிந்துவிடும். ஒன்பது ஆட்டங்களில் எட்டில் ஜெயித்தார். மெர்ல் அதையும் குறித்து வைத்தார். அதனால் மனச்சுமை குறைந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

க்ராஸ் வந்துபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மெர்ல் ஆராதனை முடிந்து நேரே டொலெஃப்சன் வீட்டுக்குப் போனார். ஆசிரியை ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தார். மெர்ல் வேலிக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

"204 காலியாத்தான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், மிஸ்டர் ஸ்டொக்கி" என்றார் டொலெஃப்சன். "தினமும் அதைத் தாண்டித்தானே போவேன்."

"அப்ப ஏன் நேர்ல வந்து கேக்கல?"

"ஆறு கடிதாசி எழுதினேன். ஒரு தடவை தலைவர்கிட்ட போனேன். இன்னும் எப்படிக் கேக்கணும்?" வாரியை மரத்தில் சாத்தினார். "என்னை உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன். நான் வேற சர்ச்சுக்குப் போறவ, அதனாலயோன்னு. கால்பந்துக்காகவா?"

"ஆமா, மிஸ்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் மெர்ல் போயிருந்தார். கோபம் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"ரூத் ஆன் ஷேஃபர்னு ஒரு பொண்ணு. கெட்டிக்காரி. வருஷம் வீணானதும், வேதியியல் தனக்கு வராதுன்னு அவளே முடிவு பண்ணிக்கிட்டா. அவளுக்கு எழுதுங்க. எல்லாருக்கும் எழுதுங்க. என் பேரை அதுல போட வேண்டாம்."

மெர்ல் பதினொரு கடிதங்கள் எழுதினார். ஒவ்வொன்றிலும் அறை எண், நாள், மணி, அறை காலியாக இருந்தது என்ற உண்மை. நான்கு பேர் பதில் போட்டார்கள். ரூத் ஆன் ஷேஃபர் போடவில்லை.

1983 இலையுதிர் காலத்துக்குச் செய்முறை வகுப்பு பிற்பகல் ஒன்றரைக்குத் திரும்பியது. அணி மூன்றில் ஜெயித்து ஆறில் தோற்றது. கடைசி ஆட்டம் முடிந்த மறு திங்கட்கிழமை, காப்பிக்கடையில் ஆர்லோ பொங்கினார்.

"அந்த பெக்குக்கு வாயே கிடையாது. கத்தத் தெரியாத ஆளு எதுக்குக் கோச்சா இருக்கணும்? தூக்குங்கன்னு காலேஜுக்குக் கடிதாசியே போட்டுட்டேன்."

தலைகள் ஆடின. மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பெக் மேல தப்பில்ல, ஆர்லோ. லேப் மணியை மாத்தினது நான். முன்னாடி பையன்களுக்குத் தோதா மாத்தி வச்சதும் நான்தான்."

லவோன் காப்பிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"மறுபடி மாத்த முடியாதா?" என்றார் ஆர்லோ. கேலியாகக் கேட்கவில்லை.

"முடியும். மாத்த மாட்டேன்."

"அப்ப என் கடிதாசி?"

"இன்னொண்ணு போடு."

"என்னன்னு போடறது?"

மெர்ல் பேனாவை எடுத்தார். காகிதக் கைக்குட்டை ஒன்றை விரித்து, நாள், மணி, அறை எண் மூன்றையும் எழுதினார். கீழே தன் முழுப்பெயரையும் எழுதி, ஆர்லோ பக்கம் தள்ளினார்.