இரண்டாம் பக்கத்தில் பாடியவள்

எங்கள் சித்தப்பா விழுப்புரத்தில் ஒரு பாட்டு செட்டு நடத்தினார். ஆர்மோனியம் அவர், தபேலாவுக்கு ஒருவர், புல்புல்தாராவுக்கு ஒருவர், பாடுவதற்குத் திண்டிவனத்துக்காரர் ஒருவர். ஐம்பதுகளில் மெட்ராஸ் கம்பெனி ஒன்று இவர்கள் பாட்டை இசைத்தட்டாகப் போட முன்வந்தது. முதல் பக்கம் பதிவானது. இரண்டாம் பக்கத்துக்கு நாள் குறித்த பிறகு, திண்டிவனத்துக்காரர் பாண்டிச்சேரி நாடகக் கம்பெனியில் சேர்ந்து கம்பி நீட்டிவிட்டார்.

சித்தப்பா இடிந்துபோனார். அந்தப் பாட்டு முழுசாகத் தெரிந்த இன்னொரு ஆள் அவர் தங்கை, என் அத்தை. ஒத்திகை நடக்கும்போதெல்லாம் பின்கட்டில் விதைக்கடலைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டே கூடப் பாடுவாள், அதுவும் திண்டிவனத்துக்காரர் பிசகும் இடங்களில் பிசகாமல். ஆனால் பக்கத்து ஊரான கெடாரில் அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடுகிற பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அறவே ஆகாது.

"நீயே பாடு. ஆனா தட்டுல செட்டு பேரு மட்டுந்தான். உன் பேரு வெளிய தெரிஞ்சா பேஜாரு," என்றார் சித்தப்பா.

"என் கொரலு மட்டும் வேணும், பேரு வேணாமாண்ணே?"

"வேணாம்."

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.  

அப்போது எனக்கு ஒன்பது வயது. அத்தைக்குத் துணையென்று என்னையும் ரயிலேற்றினார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் என்பதால், சித்தப்பா தன் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்து, அத்தை பாடப் பாட நேரம் பார்க்கச் சொன்னார்.

அந்தக் கம்பெனியில் அப்போதும் மெழுகுத் தட்டில்தான் நேராகப் பதிவு செய்தார்கள். அழிக்க முடியாது; ஒரு பக்கத்துக்கு ஒரு தட்டுக்கு மேல் தரவும் மாட்டார்கள். அத்தை அன்று பாடியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் பக்கம் அதன் முன்னால் சுமார்தான், யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் முடிவில் இரண்டு தடவை பாடவேண்டிய பல்லவியை ஒரே தடவையில் நிறுத்திவிட்டாள். மூச்சு முட்டிவிட்டதோ என்று பதறினேன். அவள் மைக்கை நெருங்கிப் பளிச்சென்று சொன்னாள்:

"பாடினது விழுப்புரம் அஞ்சலை!"

எங்கள் வீட்டுப் பழைய தட்டுகளில் பாடகர்கள் அப்படித்தான் முடிவில் பேரைச் சொல்வார்கள். பதிவு செய்த பெரியவருக்கு ஒரே குஷி. "பலே! பழைய முறையை விடலையே!" என்றார். சித்தப்பாவுக்கு ஆர்மோனியத்தை மூடக்கூடத் தோன்றவில்லை.

"அந்தத் தட்டுங்களையே கேட்டுக்கினு இருந்தேனா, வாய் தவறி வந்துட்ச்சிண்ணே," என்றாள் அத்தை. எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

சில மாதம் கழித்துக் கெடாரிலேயே ஒரு கல்யாணத்தில் ஒலிபெருக்கியில் அந்தத் தட்டைப் போட்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, பேரைக் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாராம். சம்பந்தம் முறிந்தது. வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அத்தை கேப்பைக் களி இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம் கச்சேரிக்குக் கூப்பிட வந்தவர்களெல்லாம் 'அந்தப் பேர் சொன்ன பொண்ணு' வேண்டும் என்றார்கள். சித்தப்பா நோட்டீசில் அவள் பேரைப் பெரிதாக அடிக்கவேண்டி வந்தது.

வாய் தவறியதால் கல்யாணம் போயிற்றே என்று நான் அவளுக்காகச் சாமியிடம்கூட வேண்டிக்கொண்டேன். அன்று மெட்ராஸ் போன ரயிலில் கடிகாரம் என் கையில்தான் இருந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் சித்தப்பா கண்ணயர்ந்தார். அத்தை என் காதோரம் குனிந்தாள்.

"கடைசிப் பல்லவிய ஒரு தடவ கொறச்சா எவ்ளோடி மிச்சம்?"

தாழ்ந்த குரலில் பாடிக் காட்டினாள். நான் முள்ளைப் பார்த்து, "பத்து செகண்டு அத்தை," என்றேன்.

"போதும்டி எனக்கு," என்றாள். மூச்சு வாங்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.